கோரைக்கு ஹாலோசல்பியூரான்: புல்தரையிலும் தீவன மக்காச்சோளத்திலும் அடித்துப் பார்த்ததில்

வீட்டு முன்புறம் பதித்த கொரியன் புல்லிலோ, மாட்டுக்கென்று போட்ட தீவன மக்காச்சோளத்திலோ கோரை ஏறிவிட்டது என்று பூச்சிமருந்துக் கடையில் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது ஹாலோசல்பியூரான் மெத்தில் என்ற களைக்கொல்லியின் 75% குருணை அடங்கிய சின்னப் பொட்டலம்தான். ஏக்கருக்கு 36 கிராம் என்ற அளவில் வரும் அது உள்ளங்கையில் அடங்கிவிடும், விலையோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். இரண்டு இடங்களிலும் பயன்படுத்திப் பார்த்த அளவில், கோரைக்கு மட்டும் என்றால் இது கொடுத்த காசுக்குத் தகுந்த மருந்து. வேறு எந்தப் புல்லுக்காக வாங்கினாலும் அந்தப் பணம் வீண் என்பதே என் மதிப்பீடு.

பேச்சுவழக்கில் கோரைப்புல் என்கிறோமே தவிர, தாவரக் கணக்கில் கோரை புல் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பூத்தண்டைக் கிள்ளி இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும், கணு எதுவும் இராது. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ கணுக்களோடு இருக்கும். கடைக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் கொரியன் புல்லும் மக்காச்சோளமும் தாங்கிக்கொள்கிற இந்த மருந்தை அருகம்புல்லும் காக்காய்க்கால் புல்லும் அதேபோலத் தாங்கிக்கொள்ளும். புல்தரையில் ஊடுருவிய அருகுக்கு இதை விற்கும் கடைக்காரர் ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது தெரிந்தே விற்பவர்.

கோரையை ஏன் கையால் ஒழிக்க முடிவதில்லை என்பது தெரிந்தால்தான் இந்த மருந்தின் அருமை புரியும். மண்ணுக்கடியில் ஒரு செடியிலிருந்து ஓடும் மெல்லிய வேர்த்தண்டு, வழியில் கிழங்குகளை வைத்துக்கொண்டே போகிறது. சங்கிலியாகத் தொடுத்த அந்தக் கிழங்குகளில் நுனியில் உள்ளது முளைத்திருக்கும்வரை மற்றவை உறங்கிக் கிடக்கும். மண்வெட்டியோ உழவோ சங்கிலியை அறுத்த மாத்திரத்தில் உறங்கிய ஒவ்வொன்றும் தனித்தனிச் செடியாகக் கிளம்புகிறது. ஆகவே ஈர மண்ணில் கொத்திக் களையெடுப்பது பல நேரங்களில் கோரையை நடவு செய்வதற்குச் சமம். 90-க்கும் மேற்பட்ட நாடுகளில், 50-க்கும் மேற்பட்ட பயிர்களில் தொல்லை தருகிற இதனை 1977-இலேயே களை அறிவியலாளர்கள் உலகின் மிக மோசமான களை என்று வரிசைப்படுத்தியதற்கு இந்தக் கிழங்குச் சங்கிலியே முதற்காரணம். (நாட்டுமருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் கோரைக்கிழங்கும் இதுதான்; தோட்டத்தில் இருந்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை.) வீட்டுத் தரைகளுக்கு இது வந்து சேரும் வழியும் பெரும்பாலும் நாம் காசு கொடுத்து இறக்கும் செம்மண்ணும், நாற்றங்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்துவரும் புல் பாய்களுமே.

ஹாலோசல்பியூரான் இலை வழியாகவும் வேர் வழியாகவும் உள்ளே போய், செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. செடி கருகிச் சாவதில்லை, வளர்ச்சி நின்று பட்டினியால் சாகிறது. இதனால்தான் அடித்த மறுவாரம் வயலைப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் வருகிறது: கோரை பச்சையாகவே நிற்கும். நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பார்த்தால் மட்டும், அது அடியில் மஞ்சளித்து வலுவிழந்திருப்பது தெரியும். வெளியிலைகள் நுனியிலிருந்து பழுத்து, முழுச் செடியும் காய்ந்து படுக்க மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். இந்த இடைவெளியில் பொறுமையிழந்து மறுபடி அடிப்பதோ, கொத்திவிடுவதோ மருந்து கிழங்குக்கு இறங்குவதைக் கெடுத்துவிடும். புல்தரையில் அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்களாவது புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: மருந்தை வாங்கிக்கொள்ள இலை வேண்டும். அடித்த பின் நான்கு மணி நேரமாவது மழையோ பாசனமோ படக்கூடாது.

கோரை நான்கைந்து இலைகளோடு, பூக்காமல், நல்ல ஈரத்தில் வளர்ந்துகொண்டிருந்த இடங்களில் பலன் மிகத் தெளிவாக இருந்தது. வறட்சியில் வாடி, பூவெடுத்து நின்ற வரப்போரத்தில் அதே மருந்து பாதிகூட வேலை செய்யவில்லை. கோரையின் இலை மெழுகுப் பளபளப்புள்ளது என்பதால், மருந்துடன் ஒட்டும் திரவம் கலக்காமல் அடித்தால் துளிகள் உருண்டு ஓடிவிடுகின்றன. நாசில் விசிறி வடிவில் தெளிப்பதாக இருக்க வேண்டும்.

பெரிய குறை அளவில்தான் இருக்கிறது. ஏக்கருக்கு 36 கிராம், 150 லிட்டர் தண்ணீர் என்பது வயலுக்குச் சரி. ஐந்து சென்ட் புல்தரைக்கு அது 1.8 கிராம், ஏழரை லிட்டர் தண்ணீர் என்றாகிறது. சமையலறைத் தராசு இந்த எடையைக் காட்டாது. நகை எடைபோடும் சின்னத் தராசு ஒன்று இல்லாமல் வீட்டுக்காரர்கள் இதைச் சரியாக அளக்க வழியில்லை, தேக்கரண்டிக் கணக்கில் போட்டால் பல மடங்கு கூடிவிடும். சிறு பொட்டலங்களாகப் பிரித்து விற்றால் இந்தத் தொல்லை பாதி தீரும். கடைக்காரர் பொட்டலத்தைக் கிழித்துத் தாளில் மடித்துத் தருவதை மட்டும் வாங்காதீர்கள், அதில் காலாவதித் தேதியும் இராது, துண்டறிக்கையும் இராது.

அந்தத் துண்டறிக்கையில் கரும்பும் மக்காச்சோளமும் இருக்கின்றன, வீட்டுப் புல்தரை இல்லை. அமெரிக்காவில் இதே மூலப்பொருள் புல்தரைக்கெனப் பதிவு பெற்று விற்பனையாகிறது என்றாலும், இங்கே புல்தரையில் அடிப்பவர் தம் பொறுப்பில்தான் அடிக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். தீவனம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பக்கத்துப் பாத்தியில் வேலிமசால், தட்டைப்பயறு போன்ற அகன்ற இலைத் தீவனம் இருந்தால் சாரல் பட்டே பாதிக்கலாம். மருந்தின் எச்சம் மண்ணில் சில மாதங்கள் தங்கக்கூடியது என்பதால், அதே நிலத்தில் அடுத்து அகன்ற இலைப் பயிர் வைக்கும் எண்ணம் இருந்தால் துண்டறிக்கையில் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மாடுகளை அந்தப் பக்கம் விடுவதற்கும் அதே விதிதான்.

மாற்றுக் களைக்கொல்லிகள் என்று பார்த்தால், 2,4-டி கோரையின் மேற்பகுதியை மட்டும் வாட்டும், கிழங்கு தழைத்துவிடும். கிளைபோசேட் கிழங்கு வரை இறங்கும், ஆனால் புல்தரையையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதோடு 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மூலமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பயிரில்லாத வெற்று நிலம் என்றால் எந்த மருந்தையும் வாங்காமல், சித்திரை வெயிலில் உழுது கிழங்குகளை மேலே கொண்டுவந்து இரண்டு வாரம் காயவிடுவதே மலிவு. இடையில் ஒரு கோடை மழை பெய்தால் அந்த வேலை கெட்டுவிடும். ஏற்கெனவே புல் பதித்துவிட்ட தரைக்கு அந்த வழி இல்லை என்பதால்தான் இந்தப் பொட்டலத்தை வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் முழுவதையும் முதல் தெளிப்பிலேயே தீர்த்துவிட வேண்டாம்: முதல் சுற்றில் உறங்கிக் கிடந்த கிழங்குகள் அடுத்த மழைக்குத் தலைகாட்டும்போது, அந்தத் திட்டுகளுக்கு மட்டும் கைத்தெளிப்பானில் அடிக்க, கொஞ்சம் குருணையை ஈரம் படாமல் கட்டி, அசல் பொட்டலத்திலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.