குறும்பதிவா, நெடும்பதிவா?

2006 இல் தொடங்கிய ருவிற்றர் (இன்றைய எக்ஸ்), ஒரு பதிவுக்கு 140 குறிகள் என்றிருந்த வரம்பை 2017 இல் 280 ஆக உயர்த்தியது. எனினும் மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்காலையும் அது தனித்தனியே எண்ணுவதால், நமக்கு 6 எழுத்தான ‘யாழ்ப்பாணம்’ அங்கே 11 ஆகிவிடுகிறது. அந்த நெருக்கத்தை நான் விரும்புகிறேன். வெற்று அடைமொழிகள் முதலில் உதிர்ந்து கருத்து மட்டும் எஞ்சுவதால், நாளாந்த அபிப்பிராயங்களுக்கு அதுவே என் தெரிவு.

முகநூலோ 63,206 வரை இடமளிக்கிறது. அந்த விசாலத்தில் பலர் முன்னுரையிலேயே வாசகரைக் களைப்படையச் செய்கிறார்கள். ஆயினும், 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இளமையில் படித்த முதியவர் ஒருவர், எந்த மேசையில் எந்த நூலை விரித்திருந்தார் என்று நினைவுகூர்ந்து எழுதும்போது, அதைச் சுருக்குமாறு கேட்க எனக்கு மனம் வருவதில்லை.