சிறுநீர்க் கசிவு அறுவை: வலைநாடாவா, சொந்தத் திசுப் பட்டையா?

இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் கசிகிறது; இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை 3 மாதம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால்தான் இந்தக் கேள்வி. இரண்டுமே பெண்ணின் சிறுநீர்க்குழாயை அடியிலிருந்து தாங்க வைப்பவை: நாடா செயற்கை வலை, பட்டை உங்கள் உடலிலிருந்தே எடுக்கும் திசு. அடக்க முடியாத அவசரத்தோடு கசிவதற்கு இரண்டுமே தீர்வல்ல.

வெட்டு
நாடா: யோனிச் சுவரில் சிறு வெட்டு, தோலில் இரு துளைகள்.
பட்டை: அடிவயிற்றைத் திறந்து தசையுறையில் ஒரு கீற்று எடுக்க வேண்டும்.

தேறுதல்
நாடா: பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு.
பட்டை: வலி அதிகம், ஓய்வும் நீளும்.

சிக்கல்
நாடா: பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை சிலருக்கு யோனிச் சுவரை அரித்து வெளியே தெரியும், உறவின்போது வலிக்கும். ஆண்டுகள் கழித்தும் வரலாம். திசு வலைக்குள் வளர்ந்து பிணைவதால் முழுதாக எடுப்பது மிகக் கடினம். இங்கிலாந்தில் 2018-இல் இதை நிறுத்திவைத்ததற்கு இத்தகைய பாதிப்புகளே காரணம். இதைச் சொல்லாமல் கையொப்பம் வாங்குவது அநியாயம்.
பட்டை: யோனிச் சுவரை அரித்து வெளியே வருவது அரிது. ஆனால் இறுகிப்போய்ச் சிறுநீர் முழுதாக இறங்காமல் நிற்பது அதிகம். சில காலம் தானே குழாய் செருகி வெளியேற்ற நேரலாம்.

முதல் அறுவை, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும், வலையின் அபாயம் தெரிந்தே சம்மதம் என்றால் நாடா. வலையே வேண்டாம், முன்பு வைத்தது அரித்துவிட்டது, இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவர் என்றால் பட்டை. இன்னும் குழந்தை பெற எண்ணமிருந்தால் இரண்டையும் தள்ளிப்போடுங்கள்.