கூரை கழற்றிய ஹெரால்டு: வடசேரி மாடிப் பட்டறையில் ஒரு மாதிரிக் கார்

நாகர்கோவில் வடசேரியில், கோயில் நகை செய்யும் பட்டறைகள் உள்ள தெரு ஒன்றில், பெயர்ப்பலகை ஏதுமில்லாத ஒரு வீட்டு மாடியில் பாகங்களாக வாங்கி ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிக் கார் கிட்டுகளை, கூரையை மடித்துத் திறக்கும் கன்வெர்டிபிள்களாக மாற்றித் தருகிறார்கள் என்று தக்கலை நண்பர் ஒருவர் சொன்னபோது நான் முழுமையாக நம்பவில்லை. கிட்டை ஒட்டித் தருகிறவர்களும் வண்ணம் அடித்துத் தருகிறவர்களும் பெரிய நகரங்களில் கிடைப்பார்கள். மூடிய காரின் கூரையை எடுத்துவிட்டு, அதே கார் தொழிற்சாலையிலிருந்தே திறந்த காராக வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தருவது வேறு வகை வேலை. என்னிடம் இருந்த ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/32 அளவு டிரையம்ப் ஹெரால்டு கிட்டை அங்கே கொடுத்து, ஆறு வாரம் கழித்து வாங்கி, குறைகளோடு திருப்பிக் கொடுத்து, மறுபடியும் வாங்கியிருக்கிறேன். பட்டறைக்காரருக்குப் பகலில் நகை வேலைதான் சோறு போடுகிறது. இது மாலை வேலை. கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது என்பதால் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஹெரால்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை நம் மாவட்டத்தில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பார்வதிபுரத்தில் என் சித்தப்பா வைத்திருந்தது பிற்காலத்து நான்கு கதவு வண்டி; அந்த வடிவம் இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் என்பதால் கோட்டாறு கடைத்தெருவில் அவர் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புவதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். கிட்டில் இருப்பதோ இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த இரண்டு கதவு வண்டி. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காருக்கு அடியில் சுமை தாங்கும் சட்டமான சேஸிஸ் தனியாக உண்டு. மற்ற நிறுவனங்கள் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாகவே செய்யத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் முழு பாடியை அடித்துத் தரும் ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தார் பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து சேஸிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் அப்படி முடுக்கப்பட்டதுதான். அதனால் 1960இல் கன்வெர்டிபிள் வந்தபோது இடுப்புக்கோட்டுக்கு, அதாவது பக்கக் கண்ணாடிகளின் கீழ்விளிம்புக்கு, கீழே பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. மாதிரி செய்கிறவருக்கு இதைவிட எளிய கார் கிடைக்காது என்பது என் கணக்கு.

கணக்கில் பாதி சரியாக இருந்தது. வெட்டும் வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியில் இரண்டு துண்டு நறுக்கி, இரு கதவுகளுக்கும் இடையே குறுக்காக ஒட்டி, பாடி நெளியாதபடி முதலில் முட்டுக் கொடுத்தார். பிறகு நகைக்காரர்கள் பயன்படுத்தும், நடுவில் வெட்டு விட்ட சிறு மரக்கட்டையின் மேல் பாடியைக் கவிழ்த்துப் பிடித்தார். மயிரிழை போன்ற ரம்ப அலகை மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்துக்கொண்டு, மூச்சு விடும் வேகத்தில் மேலும் கீழுமாக அறுத்தார். வேகமாக இழுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, அறுத்த இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். கூரை தனியாகக் கையில் வந்தபோது விளிம்பில் அரம் போட வேண்டிய அளவு பிசிறுகூட இல்லை. கிட்டோடு விற்கிற ரம்பத்தை வைத்து நான் வீட்டில் செய்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்காவது தூளாகப் போயிருக்கும். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையான காரில் 32 மில்லிமீட்டர்.

இவ்வளவு நேர்த்தியான கைக்குச் சொந்தக்காரருக்குக் காரைப் பற்றித் தெரியவில்லை என்பது முதல் தடவை வாங்கி வந்த அன்று இரவு மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் உடைந்துவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் பட்டை ஒட்டித் தடிமனாக்கியிருந்தார். வெர்னியர் அளவுகோலில் 2 மில்லிமீட்டர் காட்டியது. 32ஆல் பெருக்கினால் 64 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட தூண் பத்மநாபபுரம் அரண்மனையில் நிற்கலாம், ஹெரால்டில் நிற்கக் கூடாது. கதவின் முன்முனையில் இருக்கும் சிறிய முக்கோணக் கண்ணாடியையும் அதன் சட்டத்தையும் கூரையோடு சேர்த்தே எடுத்துவிட்டார். கூரை போனால் கண்ணாடியும் போகும் என்று அவர் நினைத்தது இயல்புதான். ஆனால் ஹெரால்டு கன்வெர்டிபிளில் அந்த முக்கோணக் கண்ணாடி இருக்கிறது, பக்கவாட்டில் பார்க்கும்போது காரின் முகவெட்டையே அதுதான் தீர்மானிக்கிறது. பின்னிருக்கையை மூடிய காருக்குரிய முழு அகலத்திலேயே விட்டிருந்தார். துணிக் கூரையின் கம்பிகள் மடிந்து இறங்குவதற்கு இரு பக்கமும் இடம் வேண்டும் என்பதால் கன்வெர்டிபிள்களில் பின்னிருக்கை குறுகிவிடும். இந்த ஒன்றைக் கவனித்தாலே, வெறுமனே கூரை வெட்டிய பொம்மையையும் உண்மையான திறந்த காரின் மாதிரியையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இவற்றைவிட எனக்கு வியப்பாக இருந்தது காரைத் திருப்பிப் போட்டபோது அடியில் கண்டது. சேஸிஸின் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு பட்டைகளை மிக அழகாக ஒட்டி, மூலைகளில் ஆணித் தலைகள்கூட வைத்திருந்தார். கேட்டதற்கு, "கூரை இல்லன்னா வண்டி வளஞ்சிரும்லா அண்ணாச்சி, அதான் அடியில முட்டு குடுத்தேன்; அமெரிக்கக்காரன் அப்பிடித்தான செய்யுதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 1955 முதல் 1957 வரையிலான ஷெவர்லே கன்வெர்டிபிள்களின் சேஸிஸில் அப்படிக் குறுக்குச் சட்டம் உண்டு. தனிச் சேஸிஸ் இல்லாத ஃபோர்டு மஸ்டாங்கின் கன்வெர்டிபிளுக்கும் தரைக்கு அடியில் கூடுதல் வலுவூட்டல் உண்டு. அந்தக் கார்களின் கிட்டை மாற்றும்போது அடியில் இந்த வேலையைச் செய்யாவிட்டால்தான் தவறு. ஹெரால்டிலோ சுமையைத் தாங்குவது முதலிலிருந்தே சேஸிஸ்தான், கூரை அல்ல. படித்துச் செய்த தவறு என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பிரித்தெடுக்கச் சொன்னேன்.

கோபம் வந்தது பசையைப் பற்றித்தான். மடித்த கூரைக்கும் இருக்கைக்கும் வேண்டிய சில பாகங்களை வேறோர் இடத்தில் ரெசினில் முப்பரிமாண அச்சு எடுத்து வாங்கியிருந்தார். அவற்றைப் பிளாஸ்டிக் கிட்டுக்குரிய பசையால் ஒட்டியிருந்தார். அந்தப் பசை கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இளக்கி, இரண்டு பரப்புகளையும் ஒன்றாக்குவது. ரெசினை அதனால் இளக்க முடியாது. ஒரு வாரத்தில் முன்னிருக்கை ஒன்று கழன்று, காரைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே கிலுகிலுத்தது. தொலைபேசியில் சொன்னேன். அடுத்த நாளே ஆள் அனுப்பி வாங்கிப்போய், சூப்பர் குளூ போட்டு ஒட்டி, உள்பக்கம் பசை காய்வதற்குள் பெட்டியில் மூடித் திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்தபோது முன் கண்ணாடி முழுவதும் பால் ஏடு படிந்தது போல வெளுத்திருந்தது. சூப்பர் குளூவின் ஆவி மூடிய இடத்தில், அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், கண்ணாடிப் பாகத்தில் இப்படித்தான் படியும். காற்றோட்டத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் போதும். ஒளி ஊடுருவும் பாகங்களை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் மட்டுமே ஒட்ட வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் முதல் மாதத்தில் கற்கும் பாடம். காசு வாங்குகிறவர் அதை வாடிக்கையாளரின் காரில் கற்கக் கூடாது.

இரண்டாம் தடவை நானே நேரில் போனேன். இந்த முறை கையில் பழைய ஹெரால்டு கன்வெர்டிபிளின் எட்டுப் படங்களும் ஓர் அளவுத்தாளும் இருந்தன. உண்மைக் காரின் நீளம் 3,886 மில்லிமீட்டர், 1/32இல் 121.4, சக்கரங்களுக்கு இடையேயான தூரம் 2,324, அதாவது 72.6, அகலம் 1,524, அதாவது 47.6. படத்தில் எந்தப் பகுதியையும் அகலத்தோடு ஒப்பிட்டு அளந்து, விகிதப்படி கணக்குப் போட்டால் மாதிரியில் எவ்வளவு வர வேண்டும் என்று கிடைத்துவிடும். இதை நான் விளக்கி முடிக்கும் முன்பே அவர் புரிந்துகொண்டார்; கோயில் சிலைக்கு அளவெடுத்துக் கிரீடமும் அட்டிகையும் செய்கிறவருக்கு விகிதம் புதிதல்ல. தூண்களுக்கு அவர் கண்ட தீர்வு என்னால் நினைத்துப் பார்க்க முடியாதது. பிளாஸ்டிக் சட்டத்தை அறவே நீக்கிவிட்டு, ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைத் தட்டி, வளைத்து, மூலைகளில் ஊதுகுழலால் பற்றவைத்து முன் கண்ணாடிச் சட்டம் முழுவதையும் ஒரே துண்டாகச் செய்தார். முக்கோணக் கண்ணாடியின் சட்டமும் அதே வகையில் வந்தது. இப்போது தூணைப் பிடித்தே காரைத் தூக்கலாம், தூக்குவதில்லை.

மடித்த கூரை முதல் தடவையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மையான கூரைத்துணி ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 1/32இல் அது 0.04 மில்லிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும். ரெசினில் அந்த மெலிவு வராது. அதனால் அடியில் எம்-சீலால் மேடு பிடித்து, அதன் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாளைப் போர்த்தி, ஊசி முனையால் மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டிருந்தார். பின்னிருக்கைக்குப் பின்னால் உறை போட்ட மூட்டை போலச் சற்றே புடைத்து நிற்கிறது. இருக்கையைக் குறுக்கியபோது இந்த மேட்டின் இரு ஓரங்களையும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது, மற்றபடி தொடவில்லை.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் என்னும் வேகமாக உலரும் வண்ணத்தை அடித்தால் மேற்பரப்பு மங்கி வெளுக்கும். அவர் வெயில் நாளுக்காகக் காத்திருந்தார், அதனால்தான் ஆறு வாரம் ஆனது. வெளிர்நீலம் சீராக வந்திருக்கிறது.

கிட் என்னுடையது, கூலி 4,200 ரூபாய். திருத்த வேலைக்குப் பித்தளைக்கென்று 300 ரூபாய் மட்டும் கூடுதலாக வாங்கினார். முதல் தடவை கிடைத்த காருக்கு இந்தத் தொகை அதிகம், இரண்டாம் தடவை கிடைத்த காருக்குக் குறைவு. அங்கே போக நினைக்கிறவர்கள், எந்த ஆண்டு, எந்த வகை வண்டி என்று தீர்மானித்து, மேலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த படங்களை அச்சிட்டு, அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி "இது மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்தால், மிக அழகாகச் செய்யப்பட்ட தவறான கார் கிடைக்கும். ஒட்டும்போது எந்தப் பாகத்துக்கு எந்தப் பசை என்றும் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

போன மாதம் தக்கலை நண்பருக்காக டமியாவின் 1/24 அளவு 1966 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கிட்டைக் கொடுத்திருக்கிறோம். பீட்டிலில் ஹெரால்டுக்கு நேர்மாறான சிக்கல்கள்: 1949 முதல் 1980 வரை கார்மன் நிறுவனம் கட்டிய அதன் திறந்த வகையில் பக்கவாட்டின் கீழ் விளிம்பில் உண்மையாகவே வலுவூட்டல் உண்டு, மடித்த கூரை உள்ளே இறங்காமல் பின்னால் குன்று போலக் குவிந்து நிற்கும். படங்கள் கொடுத்திருந்தோம், ஆனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். "அண்ணாச்சி, பின் கண்ணாடிக்குக் கீழ இஞ்சினுக்குக் காத்து போற ஓட்டை வரிசையா இருக்குல்லா, துணியை மடிச்சா அது மூடிப்போவுமே, அப்ப காத்து எங்கன வழியா போவும்?" என்று கேட்டார். இஞ்சின் மூடியிலேயே துளைகள் வரும் என்றேன். "அப்ப மூடியில அறுக்கணும், முதல்லயே கேட்டது நல்லதாப் போச்சு" என்று வைத்துவிட்டார். முன்பணம் 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். மழை விட்டதும் வண்ணம் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.