தீபாவளிக் கூட்டத்தைத் தாங்கியது எது? ஜவுளிக்கடை லேபிள், ஸ்கேனர், பில் பிரிண்டர்: ஓர் அலசல்

தீபாவளிக்கு முந்தைய கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பில் வரிசை படிக்கட்டு வரை நீளும்போது, முதலாளி வாயிலிருந்து முதலில் வருவது "இன்னும் ரெண்டு கவுண்டர் போடுங்க" என்பதுதான். கூட்டம் ஓய்ந்து ஸ்டாக் எடுக்கும் வாரத்தில் ஃபுளோர் சூப்பர்வைசர், பில் போடும் பெண்கள், குடோன் ஆட்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் கைகாட்டுவது லேபிளை. ஸ்கேனர் லேபிளைப் படித்தால் ஒரு உருப்படிக்கு இரண்டு விநாடி போதும். படிக்காவிட்டால் எண்ணைக் கையால் அடிக்க வேண்டும், ஒரு எண் தப்பினால் மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் ஒத்துவராவிட்டால் செக்‌ஷனுக்கு ஆள் ஓட வேண்டும். பின்னால் நிற்கிற இருபது பேரும் அத்தனை நேரமும் காத்திருப்பார்கள். அதனால் இந்த அலசலைக் குடோனிலிருந்தே தொடங்குகிறோம்.

லேபிள் பிரிண்டரில் இரண்டு வகை. ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே கறுக்கும் டைரக்ட் தெர்மல் ஒன்று, ரிப்பன் மை ஒட்டும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் இன்னொன்று. ரிப்பன் செலவு மிச்சம் என்று முதல் வகையை வாங்குகிற கடைகள் அதிகம். ஜவுளிக்கு அது வேண்டவே வேண்டாம். ஆடித் தள்ளுபடி முடிந்ததும் வந்திறங்கிய சரக்கு தீபாவளி வரை இரண்டு மாதம் குடோனில் கிடக்கும். தகரக் கூரைச் சூடு ஒரு பக்கம். பி.வி.சி. கவரை மென்மையாக வைக்கச் சேர்த்து, அதிலிருந்து கசியும் இளக்கி எண்ணெய் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து கறுப்புக் கோடுகளைச் சாம்பலாக்கிவிடும். கண்ணுக்கு எண் தெரியும், ஸ்கேனருக்குத் தெரியாது.

ரிப்பனிலும் தேர்வு உண்டு. வெறும் மெழுகு ரிப்பன் மலிவு, அச்சும் கறுப்பாக விழும். ஆனால் நூறு பேர் புரட்டிப் பார்க்கிற நைட்டி, சுடிதார் குவியலில் நான்கே நாளில் உரசி அழிந்துவிடும். பளபளப்புக் காகித லேபிளுக்கு மெழுகும் பிசினும் கலந்த வாக்ஸ்-ரெசின் ரிப்பன்தான் சரி. சாட்டின், பாலியஸ்டர் லேபிள் என்றால் முழு ரெசின் வேண்டும். 50×25 மி.மீ. லேபிளுக்கு இடைவெளி 3 மி.மீ. சேர்த்தால் 28 மி.மீ. ஆகவே 300 மீட்டர் ரிப்பனில் ஒரு வரிசை ரோலுக்குச் சுமார் 10,700 லேபிள் வரும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு லேபிள் வரும் ரோலும் 110 மி.மீ. அகல ரிப்பனும் போட்டால் 21,000 தாண்டும். ஒற்றை வரிசை ரோலில் அகல ரிப்பனைப் போட்டு ஓட்டினால் பாதி மை வீண். அதோடு காகிதம் இல்லாத பக்கத்தில் ரிப்பன் சுருங்கி, அச்சில் சாய்வாக வெள்ளைக் கோடு விழும். பிரிண்ட் ஹெட் (சூடாகி அச்சிடும் பாகம்) போய்விட்டது என்று பலரும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது இந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான். வெள்ளைக் கோடு நேராக, எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் விழுந்தால் மட்டுமே ஹெட்டைச் சந்தேகியுங்கள். அப்போதும் முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரிப்பன் மாற்றும்போதும் துடைக்கும் பழக்கம் இருந்தால் சீசன் நடுவில் ஹெட் மாற்றும் வேலை பெரும்பாலும் வராது.

இனி லேபிளில் என்ன அச்சிடுகிறோம் என்பது. பல கடைகளில் பிரிவு, சப்ளையர், சைஸ், வருஷம் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் திணித்துவிடுகிறார்கள். 'கோடு 128' (Code 128) என்ற பார்கோடு வகையில் எண்கள் மட்டுமே உள்ள 8 இலக்கம் 79 கட்டம்; கட்டம் என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம். 203 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் கட்டத்துக்கு 2 புள்ளி, அதாவது கால் மி.மீ. வைத்தால் 20 மி.மீ.க்குள் அடங்கும். எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும் 12 குறிகளுக்கு 167 கட்டம், ஏறக்குறைய 42 மி.மீ. இரு ஓரமும் இரண்டரை மி.மீ. வெற்றிடம் விட்டால் 50 மி.மீ. லேபிளில் அசைய பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் மிச்சம். லேபிள் அதற்கு மேல் நகர்ந்தால் ஓரம் வெட்டுப்படும். இடம் போதாமல் கட்டத்தை ஒரு புள்ளியாகக் குறைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொடர் எண் 8 இலக்கம் மட்டும் பார்கோடில் இருக்கட்டும். சப்ளையர் விவரம் மென்பொருளுக்குள் இருந்தால் போதும்.

பண்டிகைக்கென்று சிவப்பு மையில் அச்சடித்த லேபிளும் ஒரு தொல்லை. பெரும்பாலான ஸ்கேனர்களின் ஒளியே சிவப்பு என்பதால் வெள்ளைத் தாளில் உள்ள சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகத்தான் தெரியும். அலங்காரம் மேலே எந்த நிறத்திலும் இருக்கலாம், கோடு மட்டும் வெள்ளையில் கறுப்பு.

விலையை அச்சிடும் முன் வரியையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு உருப்படி ஒன்று வரி சேர்க்காமல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, நடுவில் நான்கே வாரம். நெய்த சேலை துணிக் கணக்கு என்பதால் விலை எதுவானாலும் 5 சதவீதம்தான். சிக்கல் சுடிதார் செட், கோட், குர்தா பக்கம். வரி சேர்த்து 2,800 என்று ஒட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் வரி 5 சதவீதம் என்று பிரித்தால் அடிப்படை விலை 2,667, வரம்பைத் தாண்டிவிட்டது. 18 என்று பிரித்தால் 2,373, வரம்புக்குள் வந்துவிட்டது. எந்த விகிதமும் பொருந்தவில்லை. 2,625க்கு மேல் 2,950 வரை எந்த விலை வைத்தாலும் இதே கதி. லேபிளில் இந்த எல்லைக்குள் விலையே வைக்காதீர்கள். 2,599 வையுங்கள், அல்லது 2,999. தள்ளுபடியையும் சேர்த்துப் பாருங்கள்: 2,999க்கு 10 சதவீதம் குறைத்தால் 2,699, நேராக அந்தப் பள்ளத்தில். 15 சதவீதம் குறைத்தால் 2,549, ஒழுங்காக 5 சதவீத வரிக்குள் வந்துவிடும்.

பில் மென்பொருள் வாங்கும்போது சோதிக்க வேண்டியதும் இதுதான். சில மென்பொருட்களில் வரி விகிதம் பொருளோடு நிலையாகப் பதிந்திருக்கும், தள்ளுபடிக்குப் பிறகும் 18 என்றே போடும். வாடிக்கையாளர் கவுண்டரிலேயே நின்று கேட்பார், கேட்பதும் நியாயம். தள்ளுபடி கழித்த விலையை வைத்து விகிதத்தைத் தானே முடிவுசெய்கிற மென்பொருளுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

ஸ்கேனரில் பழைய லேசர் வகை நேர்க்கோடுகளை வேகமாகப் படிக்கும், ஆனால் செல்போன் திரையில் தடுமாறும். கசங்கிய டேக்கிலும் செல்போன் திரையிலும், படமெடுத்துப் படிக்கும் இமேஜர் வகை நன்று. அதில் ஒரு குறை, கண்ணில் படுகிற எதையும் படித்துவிடும். பிராண்டட் சட்டைப் பெட்டியில் கம்பெனி பார்கோடு, விளம்பர கியூஆர், கடை லேபிள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தப்பானதைப் பிடிக்கும். ஸ்கேனர் கையேட்டிலுள்ள அமைப்புக் குறியை ஸ்கேன் செய்து கியூஆர் வாசிப்பை நிறுத்திவைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கடை லேபிளைக் கம்பெனி பார்கோடின் மேலேயே ஒட்டினால் மீதியும் தீரும்.

பில் பிரிண்டர் 80 மி.மீ. வாங்குங்கள். 58 மி.மீ. அகலத்தில் பொருள் பெயர் இரண்டு வரியாக உடைந்து பில் நீளும். தமிழில் பெயர் அச்சிட்டால் வேகம் குறைவது பிரிண்டர் பழுதால் அல்ல. பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை, மென்பொருள் படமாக்கி அனுப்புகிறது. கடைப் பெயரைத் தமிழில் வைத்துக்கொண்டு, பொருள் வரிசையைச் சுருக்குங்கள். 50 மீட்டர் ரோலில் 20 செ.மீ. நீள பில் 250 வரும். மணிக்கு 40 பில் என்றால் ஆறு மணி நேரம். காலை பத்து மணிக்குப் போட்ட ரோல் சரியாக மாலை நாலு மணிக் கூட்டத்தில் தீரும். மூன்று மணிக்கே புது ரோல் மாற்றிவிட்டு, மீதியைக் காலையில் ஆரம்ப நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யு.பி.ஐ.க்கு ஒட்டுப்பலகை கியூஆர் போதாது. அடுத்தடுத்து ஆறு கவுண்டரில் ஆறு சவுண்ட்பாக்ஸ் ஒரே நேரத்தில் பேசினால் எந்தப் பணம் எந்த பில்லுக்கு என்று யாருக்கும் புரியாது. தொகையோடு பில்லுக்கு ஒரு கியூஆர் காட்டும் சிறு திரை இருந்தால் அந்தக் குழப்பமே இல்லை.

டேக் குத்தும் துப்பாக்கியில் ஊசி இரண்டு பருமனில் கிடைக்கும். ஜீன்ஸுக்குத் தடித்தது, மெல்லிய பருத்திக்கும் ஷிஃபானுக்கும் மெல்லியது. பட்டில் இரண்டும் கூடாது. ஊசி நுழைந்த இடத்தில் இழை விலகினால் மறுபடி சேராது. ஜரிகை அறுந்தால் அந்தச் சேலையே போச்சு. முந்தானைக் குஞ்சத்தில் நூலால் கட்டுவதே முறை. ஒரு சேலைக்கு அரை நிமிடம் கூடும், பட்டுப் பிரிவில் அந்த அரை நிமிடத்தை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, இந்தப் பட்டியலில் எல்லாக் கடைகளும் விட்டுவிடுகிற பொருள்: ஸ்டூல். வேலை நேரத்தில் ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. பல கடைகளில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மூலையில் போட்டிருப்பார்கள். கவுண்டர் 42 அங்குலம், நாற்காலி இருக்கை 17 அங்குலம் என்றால் உட்கார்ந்தபடி பில் போட முடியாது, அதனால் யாரும் உட்காருவதில்லை. கவுண்டர் உயரத்தில் 12 அங்குலம் கழித்து, 30 அங்குல ஸ்டூல், கால் வைக்க வளையத்தோடு வாங்குங்கள். சேலைப் பிரிவில் மெத்தை போட்டு விரிக்கிற மேடைக்கு இது பொருந்தாது. அங்கே பின்சுவரை ஒட்டி மடக்குப் பலகை அடித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஆள் மாற்றிவிடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் சேலையைத் தப்பான கவரில் மடித்து வைப்பதும், ஒன்றின் டேக்கை இன்னொன்றில் சொருகுவதும் கால் வலியால்தான் அதிகம் நடக்கிறது. மறுநாள் காலை அந்த உருப்படிகள்தான் படிக்காத லேபிளாக பில் கவுண்டருக்கு வந்து நிற்கும்.