பெருவிலங்கு வேட்டை ரைஃபிளுக்கு 1-6×24 ஸ்கோப்பும் நான்காம் எண் ரெட்டிகிளும்: ஒரு மதிப்புரை

ஒரே .375 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிளில் மூன்று ஸ்கோப்புகளை (குறிபார்க்கும் தொலைநோக்கிகளை) மாற்றி மாற்றிப் பொருத்தி, இரண்டு வேட்டைப் பருவங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். முதலாவது, பெரும்பாலோர் முதலில் வாங்கும் 3-9×40, இரண்டாவது 2.5-10×50, இப்போது ரைஃபிளில் நிலைத்துவிட்டது 1-6×24. முதல் இரண்டு எண்களும் பெரிதாக்கத்தின் எல்லைகள், × குறிக்குப் பிறகு வருவது முகப்பு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். தயாரிப்பாளர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது அளவுகளையும் ரெட்டிகிளையும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளையும்) பற்றி என்பது ஒரு காரணம். அந்த முதல் ஸ்கோப்பைப் பற்றி நல்ல சொல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை என்பது மற்றொன்று.

1912இல் அறிமுகமான .375 எச் அண்ட் எச், எருமை, ஈலண்ட் என்னும் பெரிய ஆப்பிரிக்க மான், பெருங்கரடி போன்ற கனத்த விலங்குகளுக்கு இன்றும் அளவுகோலாகக் கருதப்படும் தோட்டா. அதன் பின்னுதைப்பு, பரவலாகப் பயன்படும் வேட்டைத் தோட்டாவான .30-06இன் உதைப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியின் தெளிவு அன்று. கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதே. குறைந்தது 90 மில்லிமீட்டராவது வேண்டும். 100 கிடைத்தால் நிம்மதி. என்னுடைய 3-9×40இல் பெரிதாக்கத்தைக் கூட்டக் கூட்ட அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போனது. சரிவில் மேல்நோக்கிப் படுத்தபடி 9 மடங்கில் சுட்டபோது அதன் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அது என் தவறும்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது தோட்டாக்களுக்குள் குறிபடும் புள்ளி வலப்பக்கம் நகரத் தொடங்கியதற்கும், ஒரு மழைநாள் காலையில் வில்லையின் உட்புறம் ஆவி படிந்ததற்கும் நான் பொறுப்பல்ல. நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி நன்கு மூடப்பட்ட குழாயில் இது நடக்கக் கூடாது.

பெரிதாக்கத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு: எண் கூடினால் குறி துல்லியமாகும் என்று நினைக்கிறார்கள். எருமையைச் சுடும் தூரம் பெரும்பாலும் நூறு மீட்டருக்கு உட்பட்டது. புதரில் அது இருபது மீட்டராகவும் குறையும். 9 மடங்கு பெரிதாக்கும் ஒரு ஸ்கோப், நூறு மீட்டரில் ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலக் காட்சியைத் தருகிறது. அதே கணக்கில் இருபது மீட்டரில் 80 சென்டிமீட்டர் மட்டுமே தெரியும். ஸ்கோப்பை உயர்த்திப் பார்த்தால் கறுத்த தோலும் மயிரும் கண்ணை நிறைக்கும். அது தோளா, விலாவா, பின்தொடையா என்று சொல்ல முடியாது. 1 மடங்கில் நூறு மீட்டருக்கு 35 மீட்டருக்கு மேல் காட்சி விரிகிறது. இரண்டு கண்களையும் திறந்தபடி விலங்கையும் அதன் பின்னால் நிற்கும் மற்றொரு விலங்கையும் சேர்த்தே பார்க்க முடிகிறது. தோட்டா ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்பதைக் காயப்படுத்தும் ஆபத்து மந்தையில் எப்போதும் உண்டு என்பதால், இந்த அகலத்தைச் சொகுசு என்று நான் கருதவில்லை. வாங்கும்போது ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும்: சில ஸ்கோப்புகளில் 1 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 1.1 மடங்கு இருக்கும். அந்தச் சிறு வேறுபாடே இரு கண் காட்சியை உறுத்தலாக்கிவிடும். என்னுடையதில் அந்தக் குறை இல்லை.

வெளிச்சத்தின் கணக்கு எளியது. முகப்பு வில்லையின் விட்டத்தைப் பெரிதாக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 24 மில்லிமீட்டரை 6ஆல் வகுத்தால் 4. அதையே 3 மடங்குக்குக் குறைத்தால் 8. இருளில் இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது 5 அளவில் நின்றுவிடுகிறது. ஆக, மாலை மங்கும்போது பெரிதாக்க வளையத்தை மூன்றுக்கோ நான்குக்கோ இறக்கிவிட்டால், சிறிய முகப்பு வில்லையே என் கண்ணுக்குப் போதுமான ஒளியைத் தருகிறது. ஆயினும் 2.5-10×50 இங்கே வெல்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அதில் 7 மடங்கிலேயே 7 மில்லிமீட்டர் ஒளிவட்டம் கிடைப்பதால், வெளிச்சத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் நிழலுக்குள் நிற்கும் விலங்கின் கொம்பையும் காதையும் பிரித்தறிய முடிகிறது. 1-6இல் அது கரிய உருவமாகவே நிற்கிறது. பரண் மேல் அமர்ந்து காத்திருந்து சுடுபவரும், மலைச் சரிவுகளில் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் நோக்கிச் சுடுபவரும் அதையே வாங்கலாம். நடந்து தேடுபவருக்கு அது சுமை. 50 மில்லிமீட்டர் வில்லைக்கு இடம் கொடுக்க மவுண்டை, அதாவது ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து நிறுத்தும் தாங்கியை, உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கன்னம் ரைஃபிள் கட்டையிலிருந்து எழும்பி நிற்கும். ரைஃபிளைத் தோளில் வைத்தவுடன் காட்சி கிடைக்காமல் தலையை ஆட்டித் தேட வேண்டியிருக்கும். 24 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் முன்பக்கம் நேர்குழாய்தான் என்பதால் மிகத் தாழ்வாகப் பொருத்த முடிந்தது. நீண்ட தோட்டாவை ஏற்றும் பொறியமைப்பான நீண்ட ஆக்‌ஷனில் மவுண்டின் வளையங்களை வைக்கவும் குழாயில் தாராளமாக இடம் இருந்தது.

ரெட்டிகிளுக்கு வருகிறேன், பணம் கொடுப்பதற்கு முன் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான், ஆனால் பெரும்பாலோர் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள். மெல்லிய சிலந்தி நூல் போன்ற பழைய குறுக்குக்கோடு, பகலில் வெள்ளைத் தாளின் மேல் அழகாகத் தெரியும். புதர் நிழலில் நிற்கும் கறுத்த எருமையின் மேல் வைத்தால் காணாமல் போகும். 1962இல் லியூபோல்டு கொண்டுவந்த டூப்ளெக்ஸ் இதற்கு ஒரு தீர்வு: வெளிப்புறம் தடித்து, நடுவில் மெலியும் நான்கு கோடுகள். ஜெர்மன் மரபில் வந்த நான்காம் எண் ரெட்டிகிள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இடம், வலம், கீழ் ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் தடித்த கம்பங்கள் உள்நோக்கி வருகின்றன. மேற்பக்கம் மெல்லிய கோடு மட்டுமே. நடுக்கோடு இருளில் கரைந்துவிட்டாலும் அந்த மூன்று கம்பங்களும் கண்ணைத் தாமே நடுவுக்கு இழுத்துச் செல்கின்றன. மேலே கம்பம் இல்லாததால் விலங்கின் முதுகும் தலையும் மறைவதில்லை. என் 1-6இல் இருப்பது இதுதான், நடுவில் ஒளிரும் சிவப்புப் புள்ளியுடன். இரண்டு பருவங்களில் ஒருமுறைகூட ரெட்டிகிள் எங்கே என்று நான் தேடியதில்லை.

கிறிஸ்துமஸ் மரம் போலக் கிளைவிட்டு, எண்களும் புள்ளிகளும் நிறைந்த ரெட்டிகிளை 2.5-10இல் பயன்படுத்தினேன். தாள் குறிகளின் மேல் அது இன்பம். விலங்கின் மேல் எந்தக் கோடு எந்தத் தூரத்துக்கு என்று மூச்சை அடக்கியபடி யோசிக்க நேர்ந்தபோது, அந்த இன்பம் போய்விட்டது. 300 கிரெய்ன் (ஏறத்தாழ 19 கிராம்) எடையுள்ள தோட்டாவை 200 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால், 300 மீட்டரில் அது ஓர் அடிக்கு மேல் தாழ்கிறது. அந்தத் தூரத்தில் கனத்த விலங்கைச் சுடும் துணிவு எனக்கு இல்லை. இருப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ரெட்டிகிள் இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால், அதாவது பெரிதாக்கத்தை மாற்றினாலும் அதன் அளவு மாறாமல் தெரிந்தால், கீழ்க்கோடுகளின் அளவு ஒரே ஒரு பெரிதாக்கத்தில்தான், பெரும்பாலும் உச்சத்தில்தான், உண்மையாக இருக்கும். 10 மடங்கில் 2 மில் (ஒரு மில் என்பது நூறு மீட்டரில் 10 சென்டிமீட்டர்) காட்டும் கோடு 5 மடங்கில் 4 மில் காட்டும். 300 மீட்டரில் இது 60 சென்டிமீட்டருக்கும் 120 சென்டிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு. தோட்டா முதுகுக்கு மேலே போய்விடும். ரெட்டிகிளும் காட்சியோடு சேர்ந்து பெரிதாகும் முதல் குவியத் தளத்தில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லாப் பெரிதாக்கத்திலும் கோடுகளின் மதிப்பு மாறாது. ஆனால் 1 மடங்கில் ரெட்டிகிள் சுருங்கி, மிகத் தேவையான நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நெருங்கிய தூரத்துக்கான ஸ்கோப்பில் இரண்டாம் தளம், எளிய ரெட்டிகிள் என்பதே என் தேர்வு; கோடுகளே இல்லாதபோது அவற்றின் மதிப்பு மாறுகிறதே என்ற கவலையும் இல்லை.

ஒளிரும் புள்ளியைப் பொறுத்தவரை, அதன் உச்ச ஒளியை மட்டுமே விளம்பரங்கள் பேசுகின்றன. நான் அதிகம் மதிப்பது மிகக் குறைந்த ஒளியை. மாலையில் புள்ளி சற்றே மிகையாக ஒளிர்ந்தாலும் கண்மணி சுருங்கி, பின்னால் இருக்கும் விலங்கு மறைந்துவிடும். என் ஸ்கோப்பில் ஒவ்வொரு நிலைக்கும் இடையே அணைக்கும் நிலை ஒன்று இருப்பதால், தேவையான ஒளிக்கு அடுத்து வைத்துவிட்டு ஒரே திருகலில் ஏற்ற முடிகிறது. மின்கலத்தை நம்ப விரும்பாதவர்களுக்கு டிரிட்டியம் என்னும் கதிரியக்க வாயுவால் ஒளிரும் ரெட்டிகிள்களும் உண்டு. டிரிட்டியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் என்பதால், பழைய ஸ்கோப்பை வாங்கும்போது தயாரித்த ஆண்டைக் கேட்டுக்கொள்வது நல்லது.

குறிபடும் புள்ளியை நகர்த்தும் சுழல் குமிழ்களுக்கு மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்; முள்ளில் உரசித் திரும்பிவிடும் திறந்த குமிழ் நடைவேட்டைக்கு ஆகாது. ஒரு க்ளிக் 0.1 மில், அதாவது நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி வலம், மேல், இடம், கீழ் என்று இருபது இருபது க்ளிக்குகளாகச் சுற்றிச் சுட்டேன். 20 சென்டிமீட்டர் சதுரம் ஒழுங்காக வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. முன்பு சொன்ன 3-9 இதே சோதனையில் சதுரத்தை மூடவே இல்லை.

மவுண்ட் எளிதில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வில்லை உடைந்தாலோ, காயம்பட்ட எருமை உயர்ந்த புல்லுக்குள் நுழைந்துவிட்டாலோ, ஸ்கோப்பை எடுத்துவிட்டு ரைஃபிள் குழலின் மேலேயே இருக்கும் இரும்புக் குறிகளோடு போக முடிய வேண்டும். கழற்றி மாட்டிய பின் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று ஐந்து முறை பார்த்தேன். நூறு மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தது.

1-6×24இன் மேல் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: பெரிதாக்க வளையம் குளிரில் இறுகிவிடுகிறது, கையுறையுடன் திருப்ப முடியவில்லை. அதனால் நடக்கும்போது வளையத்தை 2இல் வைத்துவிடுகிறேன். தொலைவில் நிற்பது என்ன விலங்கு என்று பார்க்கக் கழுத்தில் இருநோக்கி தொங்குகிறது. அந்த வேலைக்கு ரைஃபிளை உயர்த்துவதில்லை.