கேரவனுக்கு ஸ்பைக் கார்டு போதுமா? மாட்டிப் பார்த்தும் எரித்துப் பார்த்தும் ஓர் அலசல்

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் கேரவன் நிற்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "உள்ள யாரு இருக்கா?" பெரும்பாலும் என் மாமியார் இருப்பார், ஏசி போட்டுக்கொண்டு. நானும் என் மச்சானும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஒன்றரை டன் ஏசி, சின்ன ஃப்ரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர், பேட்டரி என்று நிரப்பிய வண்டி அது. பின்னி மில்லிலோ காசிமேட்டிலோ ஷூட்டிங் என்றால் வாடகைக்குப் போகும். மற்ற நாளில் வேளாங்கண்ணி, ஏலகிரி.

வண்டிக்குள் கரண்ட் வருவதற்கு மூன்று வழி உண்டு. எங்கள் வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட், போகிற இடத்தில் யாராவது நீட்டும் ஒயர், இல்லாவிட்டால் ஜெனரேட்டர். வீட்டு ஒயரிங் நமக்குத் தெரியும். மற்ற இரண்டிலும் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பிளக்கைச் செருகுகிறோம்.

இரண்டு வருடம் முன்பு திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் செருகினோம். மதியப் பந்தி நேரம், மண்டபத்தின் ஏசி எல்லாம் ஓடுகிறது. வண்டிக்குள் எல்இடி திடீரென்று கண் கூசும்படி எரிந்தது, ஃபேன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுற்றியது, பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் டிவி, ஃப்ரிட்ஜ் போர்டு, பேட்டரி சார்ஜர் மூன்றும் போய்விட்டன. மண்டபத்து எலெக்ட்ரீஷியன் பையன் மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "ண்ணா, நூட்ரல் பூட்ச்சுண்ணா."

எங்களிடம் ஸ்பைக் கார்டு, அதாவது வோல்டேஜ் துள்ளலைத் தணிக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இருந்தது. நல்ல கம்பெனிதான். அதன் முதுகு பழுப்பேறி, சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அதில் செருகிய டிவி அப்படியும் எரிந்துவிட்டது. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இந்த ஒப்பீடே அதில் பிறந்ததுதான்.

நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயர், போனால் நடப்பது இது. மண்டபத்துக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400. நியூட்ரல் கழன்றால் ஒரு ஃபேஸில் இருக்கும் லோடும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் லோடும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அந்த 400-ஐப் பங்கு போடும். பங்கு சமமாக இருக்காது, குறைவாக இழுக்கிறவன் தலையில்தான் அதிகம் விழும். ஒரு பக்கம் 2000 வாட், இன்னொரு பக்கம் எங்கள் 200 வாட் டிவியும் ஃப்ரிட்ஜும் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் எங்கள் பக்கம் ஏறத்தாழ 360 வோல்ட். அதுவும் ஒரு கணம் வந்து போவதில்லை, யாராவது பிளக்கைப் பிடுங்கும் வரை நிற்கும்.

ஸ்பைக் கார்டுக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடில் செய்த ஒரு சின்ன வில்லை. எம்ஓவி என்பார்கள். சாதாரண வோல்டேஜில் சும்மா இருக்கும், வோல்டேஜ் எகிறினால் தன் வழியாகக் கரண்டை விட்டுத் தணிக்கும். மின்னல் தூரத்தில் விழுந்தால், பக்கத்து ஐஸ் ஃபேக்டரி மோட்டார் நின்றால் வருகிற, மைக்ரோ நொடிக் கணக்கில் முடிகிற துள்ளலுக்காகச் செய்தது அது. 360 வோல்ட் தொடர்ந்து நின்றால் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் கரண்டை விட்டு விட்டுச் சூடேறி, உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். இங்கேதான் ஏமாந்தோம். பல ஸ்பைக் கார்டுகளில் அறுவது எம்ஓவியின் இணைப்பு மட்டும்தான், சாக்கெட்டுக்குப் போகும் கரண்ட் அறுவதில்லை. காவல்காரன் செத்துவிட்டான், கதவு திறந்தே கிடக்கிறது.

ஆக, வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஸ்பைக் கார்டு சரி. கேரவனுக்கு அது ஐந்து சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அவ்வளவுதான் மதிப்பு. அந்த விளக்கு அணைந்தபின் அதையே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

அடுத்து எஸ்பிடி, அதாவது சர்ஜ் ப்ரொடெக்ஷன் டிவைஸ். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸுக்குள், லோடு மிஞ்சினால் விழும் எம்சிபி சுவிட்ச் பக்கத்திலேயே தண்டவாளத்தில் மாட்டுகிற பெரிய அண்ணன். தத்துவம் அதே எம்ஓவிதான், ஆனால் தாங்கும் திறன் வேறு. டைப் 2 என்று எழுதியது பொதுவாக 40 கிலோ ஆம்பியர் வரையிலான துள்ளலை உள்வாங்கும். ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றலாம். பாரிமுனைக் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். ஆனால் எந்த வோல்டேஜுக்கானது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 275, 320, 385 என்று வகை உண்டு. தொடர்ந்து எத்தனை வோல்ட்டைத் தாங்கும் என்பதற்கான எண் அது. குறைந்த எண் துள்ளலைச் சீக்கிரம் அடக்கும், ஆனால் நியூட்ரல் போனால் முதலில் எரிவதும் அதுதான். கண்ட இடத்தில் பிளக் செருகும் வண்டிக்கு 385 வாங்கினேன். கொஞ்சம் மந்தம்தான், ஆனால் 360 வோல்ட்டில் பிழைத்துக்கிடக்கும்.

எஸ்பிடியில் இன்னொரு சூட்சுமம் ஒயர் நீளம். ஒரு மீட்டர் ஒயர் ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி. மைக்ரோ நொடிக்கு 1000 ஆம்பியர் வேகத்தில் ஏறும் துள்ளல் வந்தால் அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1000 வோல்ட் நிற்கும். எஸ்பிடி அடக்கியதற்கு மேல் அதுவும் சேர்ந்து உங்கள் ஃப்ரிட்ஜுக்குப் போகும். எங்கள் வண்டியைக் கட்டிய ஆள் அழகுக்காக ஒயரை மூலையெல்லாம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கழற்றி, மொத்தம் அரை மீட்டருக்குள் அடங்கும்படி நேராக இழுத்தோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் மண்டபத்தில் எஸ்பிடி மட்டும் இருந்திருந்தால் டிவி பிழைத்திருக்காது. 360 வோல்ட்டை அது தடுக்காது, தானும் சேர்ந்து வேடிக்கை பார்க்கும்.

தடுத்திருக்கக்கூடியது மூன்றாவது சாமான்: ஓவர், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே. இதுவும் டிபியில் மாட்டுகிற டப்பாதான். முகத்தில் சிவப்பு எண்ணில் வோல்டேஜ் ஓடிக்கொண்டிருக்கும். மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் நாமே வைக்கலாம். நான் 260-க்கும் 180-க்கும் வைத்திருக்கிறேன். தாண்டினால் ஒரு நொடிக்குள் மொத்த வண்டிக்கும் கரண்டை அறுத்துவிடும். வோல்டேஜ் சரியானதும் உடனே கொடுக்காது, வைத்த நேரம் காத்திருந்து கொடுக்கும். ஏசி கம்ப்ரஸர் இருப்பதால் மூன்று நிமிடம் வைத்திருக்கிறேன். மாமியாருக்கு அந்த மூன்று நிமிடம் பிடிக்கவே பிடிக்காது.

விலை ஆயிரத்துச் சொச்சம். எரிந்த ஃப்ரிட்ஜ் போர்டே அதைவிட அதிகம். டிவி, ஃப்ரிட்ஜைக் காப்பாற்ற ஒரே ஒரு சாமான் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள் என்பேன். குறைகளும் உண்டு. மைக்ரோ நொடித் துள்ளல் வந்துபோனதே இதற்குத் தெரியாது, அந்தத் துள்ளலில் இதன் உள்ளே இருக்கும் போர்டே சாகலாம். அதனால்தான் எஸ்பிடியை முன்னால், ரிலேயைப் பின்னால் வைக்கிறோம். ஏசி ஓடும்போது அடிக்கடி அறுத்தால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. 40 ஆம்பியர் போதும் என்ற இடத்தில் 63 ஆம்பியர் போட்டது அதற்காகத்தான்.

நியூஜெர்சியில் இருக்கும் மச்சானின் அண்ணன் இதைக் கேள்விப்பட்டு, "அங்க ஆர்வி வச்சிருக்கவங்க எல்லாம் ஈஎம்எஸ்னு ஒன்னு போடுறாங்கடா, எடுத்துட்டு வரவா?" என்றார். ஆர்வி என்றால் அவர்கள் ஊர் கேரவன். ஆசையாகத்தான் இருந்தது. அங்கே ஆர்வி பார்க்குகளில் வண்டிக்கென்றே தூண் நட்டு 30 ஆம்பியர், 50 ஆம்பியர் சாக்கெட் வைத்திருப்பார்கள். ஈஎம்எஸ் அதில் செருகி, வோல்டேஜ், எர்த், ஃபேஸ் மாறியிருக்கிறதா, நியூட்ரல் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகே கரண்டை உள்ளே விடும். எம்ஓவியும் கட்-ஆஃபும் எர்த் சோதனையும் ஒரே பெட்டிக்குள். வெறும் சர்ஜ் ப்ரொடெக்டரா, முழு ஈஎம்எஸ்ஸா என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது, காசு இருப்பவர்கள் இரண்டாவதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அது 120 வோல்ட் சாமான். சுமார் 104-க்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் அறுக்கும். நம் 230-இல் செருகினால், அறுக்கிற அளவுக்குக்கூட அது உயிரோடு இருக்குமா என்பது சந்தேகம். அவர்களுடைய 50 ஆம்பியர் சாக்கெட்டில் 240 வோல்ட் உண்டே என்று கேட்கலாம். அது இரண்டு 120 சேர்ந்தது, நடுவில் நியூட்ரல். நம்முடையதோடு ஒட்டாது. "சாக்லேட் போதும்ண்ணே" என்றுவிட்டேன்.

ஸ்டெபிலைசரைப் பலரும் முதலில் சொல்வார்கள். சித்திரை, வைகாசி ராத்திரிகளில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 180-ஐத் தொடும். ஊரே ஏசி போட்டிருக்கும் நேரம் அது. வடசென்னைக்கு இது ஒரு வேடிக்கைதான். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடினாலும், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1830 மெகாவாட். கரண்ட் பிறக்கிற இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தெருவில் நிற்கும் மின்வாரிய பில்லர் பாக்ஸிலிருந்து சாக்கெட் வரைக்குமான கடைசி நூறு அடியில்தான் நம் தலையெழுத்து. கடற்காற்றில் அங்கே முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். குறைந்த வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க மேலே சொன்ன ஸ்பைக் கார்டு, எஸ்பிடி, ரிலே எதனாலும் முடியாது, ஸ்டெபிலைசரால் முடியும். கட்-ஆஃப் ரிலே அந்த நேரத்தில் அறுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் நான்கு கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை வண்டிக்குள் ஏற்றி மணலி சாலைப் பள்ளத்தில் குதிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. எடை, இடம், சூடு மூன்றும் வண்டியில் பஞ்சம். அதனால் ஸ்டெபிலைசர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, தெருவில் நிற்கும்போது அதன் வழியாகவே வண்டிக்கு ஒயர் போகும். வெளியூரில் இன்வெர்ட்டர் ஏசி தானாகவே கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. இன்னொன்று, ஸ்டெபிலைசர் துள்ளலை நிறுத்தும் என்று நம்ப வேண்டாம், அது அதன் வேலையே இல்லை.

வண்டி இன்வெர்ட்டரைப் பற்றி இரண்டு வரி. "அதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்று நினைத்து நானும் இருந்தவன்தான். ஈபி கரண்ட் வரும்போது சாதாரண இன்வெர்ட்டர் அதை ஒரு ரிலே வழியாக அப்படியே உள்ளே அனுப்பிவிடும், பேட்டரிக்கு மாறினால்தான் தன் கரண்டைக் கொடுக்கும். ஆன்லைன் யூபிஎஸ் வேறு ரகம், எப்போதும் புதிதாகச் சமைத்துத்தான் கொடுக்கும். ஆனால் அதன் விலைக்கு வண்டிக்கு நான்கு டயர் மாற்றலாம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் இருந்தால் அதில் வையுங்கள், வோல்டேஜ் எல்லை குறுகலாகும்.

இதுவரை சொன்னது எல்லாம் சாமானைக் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்றுவது வேறு, அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. யாரோ நீட்டிய ஒயரில் எர்த் பின் வெறும் அலங்காரமாக இருந்து, உள்ளே ஏதாவது கசிந்தால் மொத்த பாடியும் கரண்டாகும். மழைத் தண்ணீரில் நின்று படியைப் பிடிக்கிறவர்தான் அப்போது எர்த். ஸ்பைக் கார்டு, எஸ்பிடி, வோல்டேஜ் ரிலே, ஸ்டெபிலைசர் நான்குக்கும் இது கண்ணில் படாது. கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுதான் அறுக்கும். அது இல்லாத கேரவனுக்கு மற்றதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஜெனரேட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலவற்றில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்க மாட்டார்கள், அங்கே ஆர்சிசிபி நினைத்தபடி வேலை செய்யாது. ஷூட்டிங்கில் ஜெனரேட்டர்காரரிடம் இதைக் கேட்டால் முதலில் முறைப்பார், பிறகு சேர்த்துக் கொடுப்பார்.

இப்போது பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட். மூன்று விளக்கு வைத்த சின்ன டெஸ்டரும் கிடைக்கும், கைக்கு அடக்கமானது, ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. டிபிக்குள் வரிசை இப்படி: இரண்டு துருவ எம்சிபி, எஸ்பிடி, கட்-ஆஃப் ரிலே, ஆர்சிசிபி, அதற்குப் பின் சின்ன எம்சிபிகள். மாட்டியது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன், நான் டார்ச் மட்டும் பிடித்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எல்லா ஸ்குரூவையும் ஒரு திருகு திருகிப் பார்க்கிறோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு நடை போய் வந்தால் போதும், குறைந்தது இரண்டாவது தளர்ந்திருக்கும். போன முறை தளர்ந்திருந்தது நியூட்ரல்.