மெல்கிசேதேக்கு யார்? – ஆறு அமர்வு வேதபாட வகுப்பு: ஒரு மதிப்புரை

ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் மூன்றே வசனங்களில் வந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுத்து, ஆபிராமை (பின்னாளில் ஆபிரகாம்) ஆசீர்வதித்து, தசமபாகம் பெற்று மறைந்துவிடுகிற சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு மனிதரா, தேவதூதரா, மாம்சமாவதற்கு முன் வெளிப்பட்ட கிறிஸ்துவேதானா என்ற கேள்விக்கு நான் பிரசங்கங்களில் கேட்ட பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. அந்தப் பதில்களை எல்லாம் அருகருகே வைத்து வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த இணையவழி வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பின் சிறப்பு நான்காம் அமர்வில் இருக்கிறது. "தகப்பனும் தாயும் வம்சவரலாறும் இல்லாதவன்" என்று எபிரெயர் 7:3 சொல்வதைக் கேட்டவுடன், அப்படியானால் இவர் மனிதராக இருக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிடுவது எளிது; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். வகுப்பை நடத்திய ஆசிரியர் அதே வசனத்தின் பிற்பகுதியில் உள்ள "தேவனுடைய குமாரனுக்கு ஒப்பானவனாய்" என்ற சொற்களில் நிறுத்தி, குமாரனே இவர் என்றால் குமாரனுக்கு ஒப்பானவர் என்று ஏன் எழுதவேண்டும் என்று கேட்டார். வம்ச அட்டவணைகளால் நிறைந்த ஆதியாகமம் இந்த ஆசாரியனின் பிறப்பையும் இறப்பையும் பற்றி ஒன்றும் சொல்லாத மௌனத்தையே எபிரெயர் நிருபத்தை எழுதியவர் வாதமாக எடுக்கிறார் என்றும், இஸ்ரவேலின் ஆசாரியர்கள் தோன்றிய லேவியின் வம்சவழியில் வராத ஓர் ஆசாரியத்துவத்தை நிலைநாட்ட 110ஆம் சங்கீதத்தின் 4ஆம் வசனத்தோடு அந்த மௌனத்தை இணைக்கிறார் என்றும் அவர் விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனாலும், "பிழைத்திருக்கிறான் என்று சாட்சிபெற்றவன்" என்னும் எபிரெயர் 7:8ஐக் கொண்டு கிறிஸ்துவே இவர் என்று வாதிடுவோரின் கருத்தையும் அவர் குறைக்காமல் முழுமையாகவே எடுத்துரைத்தார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாம் அமர்வுதான் ஏமாற்றம் அளித்தது. மெல்கிசேதேக்கு நோவாவின் குமாரனாகிய சேமே என்று தர்கூம்கள் (வேதத்தின் பழைய அரமேய மொழிபெயர்ப்புகள்) சிலவும் தல்மூதும் (யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பு) கொள்ளும் யூத மரபை, பழங்கதை என்ற தோரணையில் பத்து நிமிடங்களில் கடந்துவிட்டார்கள். நான் வீட்டில் ஒரு தாளை எடுத்து ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தின் எண்களை வரிசையாக எழுதிக் கூட்டினேன்: தேராகு எழுபது வயதில் ஆபிராமைப் பெற்றதாகக் கொண்டால், ஜலப்பிரளயத்துக்கு 292 ஆண்டுகளுக்குப் பின் ஆபிராம் பிறக்கிறார், சேமோ 502ஆம் ஆண்டு வரை, அதாவது ஆபிரகாம் இறந்து மேலும் 35 ஆண்டுகள் வரை, உயிரோடிருக்கிறார். எபிரெய மூலத்தின் எண்களின்படி இருவரும் சந்தித்திருக்க இடமிருந்தது என்பதையும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் எண்கள் கூடுவதால் அந்த வாய்ப்பு இல்லாமற்போகிறது என்பதையும் சொல்லியிருந்தால் அந்த மரபு எப்படி வேரூன்றியது என்பது மாணவருக்கு விளங்கியிருக்கும்.

1956இல் சாக்கடலருகே உள்ள கும்ரானின் பதினோராம் குகையில் கிடைத்த சுருளின் துண்டுகளைப் பற்றிய ஐந்தாம் அமர்வு நன்று. அதில் மெல்கிசேதேக்கு தீய ஆவிகளின் தலைவனான பெலியாலின் சேனைக்கு எதிராக நியாயத்தீர்ப்பை நிறைவேற்றும் பரலோக அதிகாரியாகக் காட்சியளிக்கிறார். 82ஆம் சங்கீதத்தின் முதல் வசனமும் அவரைக் குறித்ததாகவே அங்கு வாசிக்கப்படுகிறது. சிதைந்த வரிகளைப் பெரிதாக்கித் திரையில் காட்டி, எது மிஞ்சியிருக்கிறது, எது ஆய்வாளர்களின் ஊகம் என்று பிரித்துக் காட்டிய விதம் பாராட்டத்தக்கது. அந்தச் சுருளுக்குப் பிந்திய காலத்துச் சபை வரலாற்றில் மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிஜென் அவரைத் தேவதூதராகக் கருதியதும், மெல்கிசேதேக்கைக் கிறிஸ்துவுக்கும் மேலாக வைத்த ஒரு பிரிவினரை நான்காம் நூற்றாண்டுப் பேராயர் எபிபானியுஸ் கண்டித்து எழுதியதும் கடைசி அமர்வில் சுருக்கமாக வந்தன.

பாடக் குறிப்புகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. சேர விரும்புவோர் ஆதியாகமம் 14, சங்கீதம் 110, எபிரெயர் 5 முதல் 7 வரை உள்ள அதிகாரங்களை முன்னதாகவே வாசித்துவிட்டு, நான்காம் அமர்வின் பதிவை இரண்டு முறை கேட்பது நல்லது.